பச்சை ஒளி தெரியாததற்கு பெப்டோன் காரணமா?

கேள்வி: தேவகோட்டை பக்கம் சிறிய அளவில் சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ் (பயிர் நோயைக் கட்டுப்படுத்தும் பாக்டீரியா) தயாரித்து நெல் விவசாயிகளுக்குக் கொடுக்கிறேன். ஏஜென்ட் ஒருவர் பாக்டீரியாவுக்கு உணவாகப் போடும் பெப்டோனைக் கவரில் அடைத்துப் பாதி விலைக்குத் தந்தார். கிங்ஸ் பி என்ற வளர்ப்பு ஊடகத்தில் அதைப் போட்டால் பாக்டீரியா வளர்கிறது. புறஊதா விளக்கில் வழக்கமாகத் தெரியும் பச்சை ஒளி மட்டும் இல்லை. கல்ச்சர் (வளர்த்து வைத்திருக்கும் பாக்டீரியா) கெட்டுவிட்டதா? பேசாமல் சோயா மாவையே கரைத்து ஊற்றலாமா? ஊருணித் தண்ணீரில் ஈ.கோலை (மலக்கழிவு கலந்ததைக் காட்டும் பாக்டீரியா) பார்ப்பதற்கும் இதே பொடிதான்.

பதில்: கல்ச்சரைக் கொட்டிவிடாதீர்கள். முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்தக் கவரை.

பெப்டோன் என்பது ஒரே பொருள் இல்லை. இறைச்சி, பால் கேசின், சோயா என ஏதோ ஒரு புரதத்தை நொதியாலோ அமிலத்தாலோ சிறு துண்டுகளாக உடைத்துக் காயவைத்த பொடி அது. எந்தப் புரதம், எதனால் உடைத்தது என்பதைப் பொறுத்து உள்ளே இருக்கும் சரக்கே மாறும். கவரில் இது எதுவும் எழுதியிருக்காது.

சூடோமோனாஸ் அந்தப் பச்சை நிறமியைச் சுரப்பதே இரும்பு கிடைக்காத தவிப்பில்தான். சுற்றியுள்ள கொஞ்சநஞ்ச இரும்பைப் பிடித்துவர அது வெளியே அனுப்பும் பொருள் அந்த நிறமி. ஊடகத்திலேயே இரும்பு தாராளமாக இருந்தால் சுரக்க வேண்டிய அவசியம் இல்லை; வளர்ச்சி மட்டும் நன்றாக இருக்கும். கிங்ஸ் பி-யில் லிட்டருக்கு 20 கிராம் புரோட்டியோஸ் பெப்டோன் போகிறது. நியூட்ரியன்ட் பிராத் என்ற சாதாரண ஊடகத்தில் 5 கிராம்தான். பொடியில் இரும்பு இருந்தால் இங்கே நான்கு மடங்காக ஏறும். செலவும் நான்கு மடங்கு என்பதால்தான் ஏஜென்ட் உங்களைத் தேடி வருகிறார். போர் தண்ணீரில் ஊடகம் கரைக்கிறீர்கள் என்றால் அதையும் நிறுத்துங்கள். காய்ச்சி வடித்த நீர் மட்டும்.

இந்தக் கவர் வியாபாரத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெரிய டப்பாவைப் பிரித்துக் கால் கிலோ கவர்களாக அடைப்பார்கள். பெப்டோன் ஈரத்தை உறிஞ்சும் பொடி. ஐப்பசி அடைமழையில் ஒரு முறை திறந்தால் போதும், கருப்பட்டி மாதிரி இறுகிவிடும். அதை உடைத்துச் சலித்து மறுபடி விற்பார்கள். நல்ல பொடி வெளிர் மஞ்சளாக, உதிரியாக இருக்கும். கரைத்தால் அடியில் கசடு தங்காது. வாங்கும்போது தொகுதி எண்ணும் அதே எண்ணுக்கான பகுப்பாய்வுச் சான்றிதழும் கேளுங்கள். சான்றிதழில் மொத்த நைட்ரஜன், அமினோ நைட்ரஜன் (புரதம் எவ்வளவு உடைந்தது என்று காட்டுவது) இரண்டும் இருக்க வேண்டும். மொத்த நைட்ரஜனை மட்டும் காட்டினால் நம்பாதீர்கள். துளி யூரியா கலந்தாலே அந்த எண் ஏறிவிடும். "எல்லாம் ஒரே பெப்டோன்தாம்மா" என்று சொல்பவரிடம் எதையும் வாங்காதீர்கள்.

அரசுக் கல்லூரி ஆய்வகக் கொள்முதலிலும் இதே கதைதான். மூன்று விலைப்புள்ளி வாங்கு, குறைந்ததை எடு, மார்ச் 31-க்குள் பணத்தைச் செலவழி. கேசினா இறைச்சியா என்று கேட்க அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை. வந்து இறங்கிய டப்பாக்கள் அலமாரியிலேயே காலாவதி ஆகின்றன. மாணவர்கள் அதை வைத்துப் பரிசோதனை செய்துவிட்டு, தங்கள் கையில்தான் கோளாறு என்று நினைக்கிறார்கள். மனது பொறுக்கவில்லை.

சோயா மாவு? வேண்டாம். பெரிய தொழிற்சாலைத் தொட்டிகளில் போடுகிறார்கள்தான். உங்கள் குடுவையில் அது கரையாமல் கலங்கும், வளர்ச்சி எது மாவு எது என்று தெரியாது. மாவோடு வரும் பாக்டீரியா வித்துகள் அரைகுறை ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தக் கலன்) சாகாது. சோயா பெப்டோன் வேறு, அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். கடலைப் புண்ணாக்கும் வேண்டாம்.

எனக்குப் பெரிய கவலை ஊருணிச் சோதனைதான். ஈ.கோலை, டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தை உடைத்து இண்டோல் உண்டாக்கும். இண்டோலைக் காட்டும் கோவாக்ஸ் கரைசலைச் சில சொட்டு விட்டால் மேலே சிவப்பு வளையம் நிற்கும். அமிலத்தால் புரதத்தை உடைக்கும்போது டிரிப்டோஃபேன் அழிந்துவிடும். உங்கள் கவரில் இருப்பது அமிலத்தால் உடைத்த பொடி என்றால், குழாயில் எவ்வளவு ஈ.கோலை இருந்தாலும் வளையம் வராது. பாக்டீரியா கொழுகொழுவென்று வளர்ந்திருக்கும், நீங்கள் "இண்டோல் இல்லை" என்று எழுதிவிடுவீர்கள், ஊர் அந்தத் தண்ணீரைக் குடிக்கும். இதற்கு நொதியால் உடைத்த கேசின், அதாவது டிரிப்டோன் என்று தெளிவாக எழுதிய டப்பாதான் வேண்டும். ஒவ்வொரு முறையும் ஈ.கோலை என்று உறுதியான கல்ச்சர் ஒன்றைப் பக்கத்துக் குழாயில் வையுங்கள். அதிலும் வளையம் வரவில்லை என்றால் கோளாறு ஊடகத்தில் அல்லது கோவாக்ஸ் கரைசலில். அன்றைய முடிவு எதையும் எழுதாதீர்கள். இந்தக் கவர் பொடியை வைத்து இதுவரை கொடுத்த தண்ணீர் முடிவுகளை மறுபடி பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

பச்சை ஒளிக்கு: நம்பகமான புரோட்டியோஸ் பெப்டோன் 100 கிராம் டப்பா ஒன்று வாங்குங்கள். ஒரே கல்ச்சர், ஒரே தண்ணீர், இரண்டு தட்டு. ஒன்றில் புதியது, மற்றதில் கவர் பொடி. 28 டிகிரியில் இரண்டு நாள் வைத்து விளக்கில் பாருங்கள். புதியதிலும் ஒளி இல்லை என்றால் மட்டும் கல்ச்சரை மாற்றுவதைப் பற்றிப் பேசுவோம்.