அடகுச் சீட்டு உன்னிடம் ஏன் இருக்கிறது?

கேள்வி: எனக்கு மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். தஞ்சாவூரில் விடுதியில் தங்கி இன்ஜினீயரிங் இரண்டாம் வருடம் படிக்கிறேன். முதல் வருடத்துப் பதினொரு பேப்பரில் மூன்று அரியர். வீட்டுக்குத் தெரியாது. ‘எதற்கும் லாயக்கில்லாதவன்’ என்ற நினைப்பு ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரு மாதமாகச் சரியான தூக்கமில்லை. நான் இல்லாமல் போனால் வீட்டுக்குச் செலவாவது மிச்சம் என்றுகூடச் சில ராத்திரிகளில் தோன்றுகிறது. ஃபீஸுக்காக அம்மாவின் சங்கிலியை அடகு வைத்த சீட்டை எடுத்துவந்து போன் கவருக்குள் வைத்திருக்கிறேன்; படிக்க உட்காரும்போது பார்த்துக்கொள்வேன். எதிர்மறை எண்ணங்களை விரட்ட வழி சொல்லுங்கள்.

பதில்: தம்பி, ‘இல்லாமல் போனால்’ என்ற பேச்சு, பத்திரிகை அச்சாகி வரும்வரை காத்திருக்கிற விஷயம் இல்லை. இன்றைக்கே 14416-க்குப் போன் போடு. அரசின் மனநல உதவி எண், 2022-லிருந்து இருக்கிறது. காசு கிடையாது, ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். ஒரு மாதமாகத் தூக்கமில்லை என்றால் டாக்டர் பார்க்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. நீ படிக்கிற தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. ரூம் நண்பனைக் கூட்டிக்கொண்டு போ. காய்ச்சலுக்குச் சீட்டு வாங்கி வரிசையில் நிற்பதில்லையா?

சரி, இப்போது அடகுச் சீட்டுக்கு வருகிறேன். யாரைக் கேட்டு எடுத்தாய்? நகையைத் திருப்பப் போகிறவர் கையில் இருக்க வேண்டிய காகிதம் அது. உன் அப்பா பீரோவை இரண்டு தடவையாவது கவிழ்த்துத் தேடியிருப்பார். ‘நீதானே கடைசியாக வைத்தாய்’ என்று அம்மாவைக் கேட்டிருப்பார். தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்து அலைய வேண்டியது அந்த மனுஷன்தான். பெற்றவர்களுக்காக உருகுகிறேன் என்று எழுதுகிற பிள்ளை செய்கிற காரியமா இது?

அந்தச் சீட்டை வைத்து நீ படிக்கவில்லை, உன்னை நீயே அடித்துக்கொள்கிறாய். புத்தகத்தைத் திறக்குமுன் தினமும் ஒரு அடி. அப்புறம் பாடம் எங்கே ஏறும்? ‘செலவாவது மிச்சம்’ என்ற கணக்கை உனக்குச் சொல்லிக் கொடுத்ததும் அந்தக் காகிதம்தான்.

நானும் இந்தப் பக்கத்து ஆள். நம் ஊரில் நகை கழுத்தில் இருக்கும் நாளைவிடச் சங்கத்திலும் பேங்கிலும் இருக்கும் நாள்தான் அதிகம். ஜூன் 12 மேட்டூர் திறந்தால் குறுவைக்குப் போகும், நடவுக்குப் போகும், உரத்துக்குப் போகும். சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டுப் பணம் வந்தால் திரும்பும். இந்தத் தடவை உன் ஃபீஸுக்குப் போயிருக்கிறது. பிள்ளைக்குச் செய்வதைப் பெற்றவர்கள் கடன் நோட்டில் எழுதுவதில்லை. அவர்கள் பணத்தை நீ திருப்பித் தர வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அவர்களிடம் பொய் சொல்லக் கூடாது என்று கட்டாயம் நினைக்கிறேன். அரியரை மறைத்தது பொய்தான்.

அப்பா தாங்க மாட்டார் என்பாய். 2018-ல் கஜா அடித்த மறுநாள் காலையில், விழுந்து கிடந்த தென்னைகளுக்கு நடுவே நின்ற ஊர்க்காரர் அவர். மூன்று பேப்பரைத் தாங்குவார். ஒரு நாள் கத்துவார், கத்தட்டுமே.

எண்ணத்தை விரட்ட வழி கேட்டாயே. விரட்டினால் போகாது. ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் 1960-களில் மனச்சோர்வு வந்தவர்களிடம் ஒன்றைக் கவனித்தார்: இப்படிப்பட்ட எண்ணங்கள் தாமாக வந்து விழுகின்றன, அவர்களோ அவற்றை நடந்த உண்மையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் எழுதிப் பார். ‘எதற்கும் லாயக்கில்லை’ என்று ஒரு பக்கம். பதினொன்றில் எட்டு பேப்பர் பாஸ் என்று எதிர்ப்பக்கம். எட்டைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு வரி இல்லை, நான்தான் கழித்துப் பார்த்தேன். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் இந்த விசாரணை வேண்டாம், பகலில் செய்.

இந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போ. சாப்பிட்டு முடித்ததும் சீட்டை அப்பா கையில் கொடு. எங்கே இருந்தது என்று கேட்பார். அங்கிருந்து ஆரம்பித்து, அரியர், தூக்கம், அந்த ராத்திரி நினைப்பு என்று எல்லாவற்றையும் சொல்லிவிடு. ஐப்பசி மழை, பஸ்ஸில் ஜன்னல் ஓரம் ஒழுகும். சீட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டுபோ.