பார்வையற்ற தங்கைக்கு எந்த வேலையும் நிலைக்கவில்லை, இன்னொரு பயிற்சியில் சேர்க்கலாமா?

கேள்வியைப் படித்ததும் எரிச்சல்தான் வந்தது. உங்கள் மேல் இல்லை, உங்களுக்கு யோசனை சொன்னவர்கள் மேல். தங்கைக்குப் பார்வை இல்லை, பட்டதாரி, இரண்டு அலுவலகங்களில் சேர்ந்து சில மாதங்களிலேயே வெளியே வந்துவிட்டாள், "இன்னும் பக்குவப்படவில்லை, ஏதாவது பயிற்சியில் சேருங்கள்" என்கிறார்கள், சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவளிடம் ஏற்கெனவே ஒரு கோப்பு நிறையச் சான்றிதழ்கள் இருக்கும் என்று நினைக்கிறேன். எங்களில் பலரிடம் இருக்கிறது. நானும் பார்வையற்றவன்தான். ஒரு நிறுவனத்தில் வாடிக்கையாளர் புகார்களைக் கவனிக்கும் பிரிவில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன்.

சேர்க்க வேண்டாம் என்பதுதான் என் பதில். அதற்கு முன்னால் ஒன்று கேளுங்கள். அந்த இரண்டு இடங்களிலும் அவள் சரியாக வேலை பார்த்துக்கொண்டிருந்த நாட்களுக்கும் சிக்கல் தொடங்கிய நாளுக்கும் நடுவில் என்ன மாறியது? மேனேஜர் மாறினாரா, மென்பொருள் மாறியதா, இடத்தை மாற்றி உட்கார வைத்தார்களா? நான் பார்த்தவரை எங்கள் வேலை நேர்காணலில் போவதைவிட இப்படி ஒரு மாற்றத்தில்தான் அதிகம் போகிறது. ஆள் அதே ஆள்தான், கீழே இருக்கும் தரை மட்டும் நகர்ந்திருக்கும்.

எனக்கும் அப்படித்தான் ஆனது. நாங்கள் புகார்களைப் பதிவு செய்யும் மென்பொருளை ஒரு வார இறுதியில் அப்டேட் செய்தார்கள். திங்கட்கிழமை வந்து உட்கார்ந்தால், திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் "பட்டன், பட்டன், பட்டன்" என்று மட்டுமே சொல்கிறது. பழைய பதிப்பில் "சேமி", "அனுப்பு", "மூடு" என்று எழுத்து இருந்த இடத்தில் இப்போது அழகான சின்னச் சின்னப் படங்கள். பார்க்கிறவர்களுக்குப் படம் புரியும். ஸ்கிரீன் ரீடரோ நிரலில் அந்தப் பட்டனுக்கு வைத்திருக்கும் பெயரைத்தான் வாசிக்கும், பெயரே இல்லையென்றால் அது என்ன செய்யும்? பதிவு சேமிக்கப்பட்டது என்ற செய்தியும் திரை மூலையில் இரண்டு விநாடி வந்துவிட்டு மறைந்துவிடுமாம். பக்கத்து இருக்கைக்காரர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

ஒரு மணி நேரத்தில் முடித்த வேலை அரை நாளை இழுத்தது. அதே சமயம் புது மேனேஜர் வேறு. அவரிடம் இருந்தது யார் எத்தனை புகார் முடித்தார்கள் என்ற எண்ணிக்கை அட்டவணை மட்டும். அதில் என் பெயருக்கு நேராக எண் விழுந்துகொண்டே போகிறது. கூப்பிட்டு, மிகவும் அன்பாக, "உங்களுக்கு ஒரு கணினிப் பயிற்சி ஏற்பாடு செய்யட்டுமா?" என்றார். அதனால்தான் உங்கள் கேள்வியைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது.

நான் வாதாடவில்லை. என் இருக்கைக்கு வரச் சொல்லி, திரையை அணைத்துவிட்டு, இயர்போனின் ஒரு பக்கத்தை அவர் காதில் வைக்கச் சொன்னேன். ஸ்கிரீன் ரீடர் பேசும் வேகத்தையும் அவருக்காகக் குறைத்தேன். அடுத்த பட்டனுக்கு நகர்த்தும் டேப் விசையை அழுத்தினேன். பட்டன். மறுபடி அழுத்தினேன். பட்டன். "இதில் எது சேமிக்கிற பட்டன்?" என்றார். "நானும் திங்கட்கிழமையிலிருந்து அதைத்தான் தேடுகிறேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அன்றைக்கே மென்பொருள் குழுவுக்கு மெயில் போனது. பட்டன்களுக்குப் பெயர் வைப்பது அவர்களுக்கு ஒரு மதிய வேளை வேலை. திரையின் தோற்றம் இம்மியளவும் மாறவில்லை. சேமித்த செய்தியை வாசிக்க வைக்கத்தான் இன்னும் கொஞ்ச நாள் பிடித்தது. என் எண்ணும் பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

நல்ல மேனேஜர் கிடைத்தார், பிழைத்தாய், எல்லாருக்கும் அப்படியா என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். நியாயம்தான். ஆனால் நான் அவருடைய நல்ல மனதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. சேர்ந்த புதிதிலேயே எனக்கு என்னென்ன வேண்டும் என்று எழுதி, எச்ஆர் அதற்கு ஒப்புக்கொண்டு அனுப்பிய பதில் மெயில் என்னிடம் இருந்தது. மேனேஜரோடு பேசப் போகும்போது அதையும் இணைத்துத்தான் அனுப்பினேன். பழைய மேனேஜர் வாய்மொழியாக ஒத்துக்கொண்டதெல்லாம் அவர் போகும்போது கூடவே போய்விடும். எழுத்தில் இருப்பது போகாது.

இது சலுகை இல்லை என்பதையும் தங்கைக்குச் சொல்லுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐநா உடன்படிக்கை 2006-ல் ஏற்கப்பட்டு 2008-ல் நடைமுறைக்கு வந்தது. அதன் 27-ஆம் பிரிவு வேலைக்கு எடுப்பதோடு நிற்கவில்லை, வேலையில் தொடர்வது, பதவி உயர்வு இரண்டையும் சேர்த்தே பேசுகிறது. முதலாளிக்குத் தாங்க முடியாத சுமையாகாத, நியாயமான வசதியைச் செய்து தர மறுப்பதே பாகுபாடுதான் என்று 2-ஆம் பிரிவு சொல்கிறது. உடன்படிக்கையைக் கையில் பிடித்தால் வேலை கிடைத்துவிடுமா என்றால் கிடைக்காது. ஆனால் கேட்கும்போது குரல் குழையாமல் கேட்கலாம்.

பயிற்சி விஷயத்துக்கு வருகிறேன். பயிற்சியே கூடாது என்று நான் சொன்னதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். கீபோர்டு குறுக்குவிசைகளே தெரியாதவருக்குப் பயிற்சி வேண்டும். வேலை தெரியாமல் சாக்குச் சொல்கிறவர்கள் எங்களிலும் உண்டு, எல்லா இடத்திலும் இருப்பதுபோல. என் கோபம் "முதலில் தயாராகு, அப்புறம் வேலை" என்று ஆளை வருடக்கணக்கில் வகுப்பறையிலேயே உட்கார வைப்பதன் மேல்தான். அதைத் திருப்பிப் போட்டவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் கடுமையான மனநோய் உள்ளவர்களுக்கென்று உருவான ஐபிஎஸ் (Individual Placement and Support, தனிநபரை வேலையில் அமர்த்தி ஆதரவு தருவது) முறையில், வேலை வேண்டும் என்று சொல்கிற யாரையும் நீ தயாரில்லை என்று ஒதுக்குவதில்லை. நேராக வேலை தேடித் தந்து, சேர்ந்த பிறகும் உதவியை நிறுத்துவதில்லை. ஆறு ஐரோப்பிய நகரங்களில் இதை வழக்கமான பயிற்சி முறையோடு ஒப்பிட்டு 2007-ல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வெளியிட்டார்கள். ஐபிஎஸ் பக்கம் சுமார் 55 சதவீதம் பேருக்கு வேலை கிடைத்தது, மறுபக்கம் சுமார் 28 சதவீதம். ஒரு நாளாவது வேலை பார்த்தவர்கள் என்பதுதான் அந்தக் கணக்கு, அதையும் சொல்லிவிடுகிறேன். பார்வையற்றோரைப் பற்றிய ஆய்வும் இல்லை அது. ஆனாலும் சேர்ந்த பிறகு கூட நிற்கும் உதவி என்ற அந்த ஒரு விஷயம்தான் எங்களுக்கும் கிடைப்பதில்லை. சேர்த்துவிடும் அமைப்புகள் பணியில் சேர்கிற நாளில் போட்டோ எடுத்துப் போடுவதோடு சரி.

போட்டோ என்றதும் ஞாபகம் வருகிறது. கூட்டம் எத்தனை மணிக்கு என்பதைத் தட்டச்சு செய்தால் ஒரு வரி. அதைத் தாளில் எழுதி, சாய்வாகப் புகைப்படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறவர்களை என்ன செய்வது? என் குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. "படிக்கத் தெரிந்தவர் யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்" என்கிறார். எனக்குப் படிக்கத் தெரியும் ஐயா. சரி, அதை விடுங்கள்.

செலவைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். விலை கொடுத்து வாங்கும் ஸ்கிரீன் ரீடர் உண்டு, உண்மைதான். ஆனால் பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் மைக்கேல் கர்ரன் 2006-ல் தொடங்கி, அவரைப் போலவே பார்வையற்ற ஜேம்ஸ் டேயும் சேர்ந்து வளர்த்த என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் முற்றிலும் இலவசம். நான் அலுவலகத்தில் பயன்படுத்துவது அதுதான்.

அடுத்த இடத்தில் சேர்ந்த முதல் வாரமே தங்கையை எச்ஆருக்கும் மேனேஜருக்கும் சேர்த்து ஒரு மெயில் அனுப்பச் சொல்லுங்கள். நீளமாக வேண்டாம். எந்த ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்துகிறாள், ஸ்கேன் செய்த படமாக இல்லாமல் எழுத்தாகக் கோப்புகள் வேண்டும், மென்பொருள் மாறுவதற்கு முன் அவளிடம் ஒருமுறை சோதித்துப் பார்க்கக் கொடுக்க வேண்டும், இவ்வளவு போதும். மூன்றாவதாகச் சொன்னதைத்தான் யாரும் கேட்பதில்லை, மறக்காமல் எழுதச் சொல்லுங்கள். வரும் பதிலின் பிரதி ஒன்று அவளுடைய சொந்த மெயிலிலும் இருக்கட்டும். வாடிக்கையாளர் விவரம் எதுவும் அதில் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். வேலையை விட்டு அனுப்பினால் அலுவலக மெயிலை அன்றைக்கே பூட்டிவிடுவார்கள்.