பிரபலமாகாத காலத்துல ஒரு பாடகர் பண்ண கச்சேரிய யாரோ ஆடியன்ஸ்ல உக்காந்து ரெக்கார்டு பண்ண கேசட் கெடச்சிருக்கு. இரைச்சல் ஜாஸ்தி. க்ளீன் பண்ணி அப்லோட் பண்ணலாமா?

பண்ணாதீங்க. அப்லோட் கதை அப்புறம், முதல்ல அந்த க்ளீனிங் சாஃப்ட்வேர மூடுங்க.

அனேகமா வீட்ல யாரோ பெரியவங்க பெட்டிலேர்ந்து கெடச்சிருக்கும், நீங்களும் ஏதோ ஃப்ரீ சாஃப்ட்வேர் டவுன்லோட் பண்ணி இரைச்சல் எடுக்குற பட்டன ஒரு தடவ அமுக்கிப் பாத்திருப்பீங்க, "அட நல்லாத்தான இருக்கு"ன்னு தோணிருக்கும். எல்லாருக்கும் முதல்ல அப்படித்தான் தோணும். ஹெட்ஃபோன் போட்டு மறுபடி கேளுங்க, கிடார் கம்பில நகம் படுற சத்தம் எங்க போச்சுன்னு தேடுங்க.

நான் சவுண்ட் இன்ஜினியர் எல்லாம் இல்ல, அத முதல்லயே சொல்லிடறேன், கமெண்ட்ல வந்து ஸ்பெக்ட்ரம் படம் போட்டு பாடம் எடுக்க வேண்டாம். ஆனா இதே மாதிரி ஒரு டேப்போட நான் நெறைய நாள் மாரடிச்சிருக்கேன்.

எங்க மாமா சின்ன வயசுல பாட்டுப் பைத்தியம். தானே எழுதி, தானே கிடார் வாசிச்சு, கழுத்துல மாட்டின ஹார்மோனிகாவ நடுநடுவுல ஊதிப் பாடுற ஒருத்தரோட கச்சேரிக்கு கையில பேட்டரி ரெக்கார்டரோட போயிருக்கார். பேர் சொல்ல மாட்டேன், சொன்னா லிங்க் கேட்டு இன்பாக்ஸ் நிறைஞ்சிடும். அப்போ அந்தாளுக்கு ஒரே ஒரு ஆல்பம். சின்ன ஹால், பாதி சீட் காலி. மாமா மடியில ரெக்கார்டர், மைக் சட்டைப் பைல. தொண்ணூறு நிமிஷ கேசட், அதாவது ஒரு பக்கம் நாப்பத்தஞ்சு நிமிஷம், அது எப்போ முடியும்னு கச்சேரி பண்றவருக்கு தெரியுமா? ஒரு பாட்டு நட்ட நடுவுல டக்குனு நின்னு, கேசட்ட திருப்பிப் போடுற சத்தம் கேட்டு, பாதி வரிலேர்ந்து மறுபடி ஆரம்பிக்கும். அந்த வெட்டு இன்னைக்கு வரைக்கும் எனக்கு மனப்பாடம்.

இதுல விஷயம் என்னன்னா, பின்னாடி ஊரே பாடின அவரோட ஒரு பாட்டு அன்னைக்கு வேற வரிகளோட இருந்துச்சு. ரெண்டாவது சரணம் முழுக்க வேற. பாடும்போது அந்த இடத்துல தடுமாறுறார், நிறுத்துறார், "இது இன்னும் சரியா வரல"ங்கிற மாதிரி ஏதோ முணுமுணுக்குறார், யாரோ ஒருத்தர் சிரிக்கிறார், திரும்ப பாடுறார். ஸ்டூடியோ ரெக்கார்டுல அந்த சரணமே கெடையாது. சிரிச்ச ஆளு எங்க மாமா, அது வேற விஷயம்.

இத நான் கம்ப்யூட்டர்ல ஏத்தினப்போ ஒரு குழப்பம். முதல் பக்கம் சரியா இருக்கு, ரெண்டாவது பக்கம் போகப் போக பாட்டு கொஞ்சம் கொஞ்சமா வேகமாவுது, சுதியும் ஏறுது. கடைசிப் பாட்டுல மனுஷன் குரல் பையன் குரல் மாதிரி ஆயிடுச்சு. காரணம் பேட்டரி. பேட்டரி தீரத் தீர ரெக்கார்டர் மோட்டார் மெதுவா ஓடும், மெதுவா ஓடின டேப்ப இன்னைக்கு சரியான வேகத்துல ஓட்டினா எல்லாம் வேகமாத்தான் கேக்கும். சரி, எவ்வளவு வேகம் குறைக்கணும்? கிடாரும் குரலும் நம்பி ஆகாது, கேப்போவ (கிடார் கழுத்துல மாட்டி சுதிய ஏத்துற கிளிப்) எங்க வேணா மாட்டலாம், கம்பிய எப்படி வேணா முறுக்கலாம். ஆனா ஹார்மோனிகாவ யாரும் மேடைல சுதி மாத்த முடியாது, வாங்கும்போது என்ன சுதியோ அதான். அத வச்சு பாட்டு பாட்டா வேகத்த சரி பண்ணேன். பண்ணதையும் தனி காப்பில தான் பண்ணேன், டேப்லேர்ந்து முதல்ல ஏத்தின ஒரிஜினல் ஃபைல் அப்படியே தனியா இருக்கு. நான் உங்ககிட்ட மன்றாடுறது இந்த ஒண்ணுக்குத்தான்.

ஏன்னா அடுத்து நடந்தது இது. இதே பாடகரோட பழைய ரெக்கார்டிங் சேக்குற ஒருத்தருக்கு ஆசைப்பட்டு கேட்டார்னு ஒரு காப்பி குடுத்தேன், வெளில போடாதீங்கன்னு சொல்லித்தான் குடுத்தேன். கொஞ்ச நாள்ல அது நெட்ல கெடக்குது. போட்டது கூட பரவால்ல, "ரீமாஸ்டர்"னு, அதாவது சத்தத்த மெருகேத்தின புது பதிப்புன்னு, பேர் வேற. இரைச்சல் மொத்தமா போயிருந்துச்சு, அதோட சேந்து ஹாலும் போயிருந்துச்சு. கைதட்டல எல்லாம் வெட்டியாச்சு. பாட்டுக்கு நடுவுல அவர் பேசினது, கிடார் சுதி சேத்தது, இருமினது, ஒண்ணும் இல்ல. குரல் தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி குளறுது. எல்லாத்துக்கும் மேல அந்த தடுமாறின இடத்த வெட்டி, ரெண்டாவது தடவ சரியா பாடினத ஒட்டி வச்சிருந்தாங்க. அந்த டேப்புல வேற எங்கயும் கெடைக்காத விஷயமே அந்த தடுமாற்றம் தானய்யா! கீழ கமெண்ட்ல ஒருத்தர் "சூப்பர் குவாலிட்டி"ன்னு போட்டிருந்தார். எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல.

குவாலிட்டி வேணும்னா ஸ்டூடியோ ஆல்பம் இருக்கு, அத கேளுங்க. மேடை மைக் எல்லாம் வந்து சேருற மிக்ஸர்லேர்ந்து நேரா எடுத்த லைவ் ரெக்கார்டிங்ல கூட ஹால் கேக்காது, குரலும் கிடாரும் மட்டும் சுத்தமா வரும். ஆடியன்ஸ் டேப்புக்கு யாரும் சவுண்டுக்காக வர்றதில்ல. பேர் தெரியாத ஒருத்தர் பாடுறப்போ அந்த கூட்டம் என்ன பண்ணுச்சு, எந்த வரிக்கு அமைதி ஆச்சு, எப்போ பேச்சு சத்தம் கேட்டுச்சு, அது இதுல மட்டும்தான் இருக்கு. மாமாவோட ரெக்கார்டர்ல ஆட்டோ லெவல் இருந்துச்சு, பெருசா கைதட்டினா உடனே எல்லா சத்தத்தையும் அது அமுக்கிடும், அப்புறம் அடுத்த பாட்டோட கிடார் அடியிலேர்ந்து மெல்ல ஏறி வரும். தப்புதான். ஆனா எந்தப் பாட்டுக்கு கை பலமா தட்டினாங்கன்னு அந்த அமுங்கலே காட்டிக் குடுக்கும்.

இதெல்லாம் வேலையத்தவன் பேச்சுன்னு நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். 1968 மார்ச்ல கனடாவுல ஒட்டாவாங்கிற ஊர்ல லெ ஹிபூன்னு ஒரு காபி ஹவுஸ்ல, தானே எழுதிப் பாடுற ஜோனி மிட்செல் பாடினாங்க. அவங்க முதல் ஆல்பமே அந்த மாசம் தான் வந்துச்சு. அன்னைக்கு அதே ஊர்ல கச்சேரி பண்ணிட்டு இருந்த, ராக் கிடார்ல பேர் போன ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், ஆமா அதே ஹெண்ட்ரிக்ஸ் தான், பெரிய டேப் ரெக்கார்டர தூக்கிட்டு வந்து, "ரெக்கார்டு பண்ணிக்கலாமா"ன்னு கேட்டு, மேடை ஓரத்துல உக்காந்து ரெக்கார்டு பண்ணார். சில நாள்லயே அந்த டேப் திருடு போச்சு. பல வருஷம் கழிச்சு ஒரு தனியார் சேகரிப்புல கெடச்சு ஜோனி கைக்கே போய் சேந்து, 2021ல அவங்க பழைய ரெக்கார்டிங்க தொகுத்து வெளியிடுற ஆர்க்கைவ்ஸ் வரிசையோட ரெண்டாவது பெட்டில அதிகாரபூர்வமா வெளிவந்துச்சு. நடுவுல எவன் கையிலயாவது "ரீமாஸ்டர்" ஆகி, ஒரிஜினல் குப்பைக்குப் போயிருந்தா?

ஹெண்ட்ரிக்ஸ் கேட்டுட்டு தான் பண்ணார்ங்கிறத கவனிங்க. உங்க அப்லோட் கேள்வி அங்கதான் வருது. மேடைல பாடுறவர கேக்காம ரெக்கார்டு பண்றத தடுக்குற உரிமை பாடுறவருக்கு உண்டு, கலைஞர்கள் உரிமை பத்தின 1961 ரோம் சர்வதேச ஒப்பந்தத்துலயே இருக்கு. இதுல பாடினவரே எழுதினவரும்கிறதால பாட்டோட காப்பிரைட்டும் தனியா இருக்கு. அமெரிக்க ராக் குழு கிரேட்ஃபுல் டெட் மாதிரி சில குழுக்கள் தாராளமா விட்டிருக்காங்க, 1984ல இருந்து ரெக்கார்டு பண்றவங்களுக்குன்னே அவங்க கச்சேரில தனி இடமே ஒதுக்கினாங்க, விக்கக் கூடாதுங்கிறது தான் கண்டிஷன். உங்க ஆளு அந்த மாதிரியான்னு பாருங்க. இல்லன்னா அவரோட மேனேஜ்மென்ட்டுக்கு ஒரு மெயில் போடுங்க. நான் போட்டேன். "நன்றி, ஃபைல் அனுப்புங்க"ன்னு பதில் வந்துச்சு, அனுப்பினேன், அதோட சரி. பைரசிக்கு கொடி பிடிக்கிறேன்னு யாரும் வராதீங்க, காசு வாங்கிட்டு இத விக்கிறவங்கள கண்டா எனக்கும் ஆகாது.

இன்னொரு பக்கம், இந்த மாதிரி வேலை உங்களுக்கு தெரியும்னு சொந்தக்காரங்க யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. மாமா டேப்ப நான் ஏத்தினது தெரிஞ்சதுலேர்ந்து பூஞ்சை பிடிச்ச வீடியோ கேசட், சுரண்டின சிடி, ஆன் ஆகாத ஃபோன்னு மூட்டை மூட்டையா வருது. "உனக்கு அஞ்சு நிமிஷ வேலை தானப்பா"ன்னு வேற சொல்றாங்க. ஒரு மணி நேர டேப்புக்கு ஒரு மணி நேரம் ஓடியே ஆகணும்ங்கிறத யாருக்கும் புரிய வைக்க முடியல. முடிச்சுக் குடுத்தா ஒருத்தர் கூட போட்டுப் பாக்குறதில்ல, அது தனி வயித்தெரிச்சல்.

சரி, உங்க கேசட்டுக்கு வரேன். கேசட் டெக்ல போடுறதுக்கு முன்னாடி ஹெட்ட, அதாவது டேப் உரசிப் போற அந்த உலோகத் துண்ட, ஸ்பிரிட் வச்சு துடைங்க. டேப் இரைச்சல குறைக்குற டால்பி பட்டன் ஆஃப்ல இருக்கட்டும், சின்ன ரெக்கார்டர்ல எடுத்ததா இருந்தா அதுல டால்பி இருந்திருக்காது, ஆன் பண்ணீங்கன்னா மந்தமா கேக்கும். ஹெட் பக்கத்துல ஒரு குட்டி ஸ்குரூ இருக்கும், ஓட விட்டுட்டு அத மெதுவா திருப்பினா ஒரு இடத்துல சத்தம் பளிச்சுனு திறக்கும், அங்க நிறுத்துங்க. டேப் மந்தமா இருக்குன்னு திட்டுறது பல நேரம் இந்த ஸ்குரூ பிரச்சனை தான், அதுக்கு சாஃப்ட்வேரே தேவைப்படாது. 24 பிட்ல ஏத்தி, தரம் குறையாத வேவ் ஃபைலாவோ ஃப்ளாக் ஃபைலாவோ ரெண்டு இடத்துல வைங்க, எம்பி3 வேண்டவே வேண்டாம். அதுக்கப்புறம் ஒரு காப்பி எடுத்து அதுல என்ன வேணா விளையாடுங்க, நான் கேக்கவே மாட்டேன்.

கேசட்டோட மேல் விளிம்புல ரெண்டு சின்ன பிளாஸ்டிக் தகடு இருக்கும், அது இன்னும் உடையாம இருந்தா இப்பவே உடைச்சு விடுங்க. வீட்ல யாராவது தெரியாம ரெக்கார்டு பட்டன அமுக்கிட்டா அப்புறம் என்கிட்ட வந்து கேக்காதீங்க.