சாலைப் பாதுகாப்புக்காக எல்லா கார்களிலும் ஜிபிஎஸ் கண்காணிப்பை அரசு கட்டாயமாக்க வேண்டுமா?

விபத்து நடந்த நேரத்துக்கு மட்டும் என்றால், கட்டாயமாக்கலாம். நாள் முழுக்கப் பின்தொடர்வது என்றால், வேண்டவே வேண்டாம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2018 மார்ச் 31 முதல் புதிய ரகக் கார்களில் 'இ-கால்' என்ற அவசர அழைப்புக் கருவியைக் கட்டாயமாக்கியது. நள்ளிரவில், ஆள் நடமாட்டமில்லாத சாலையில் ஒரு கார் மரத்தில் மோதுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏர்பேக் விரிந்ததும் கருவி தானாகவே அவசர உதவி எண்ணான 112-ஐ அழைக்கும். இடம், நேரம், கார் போன திசை எல்லாம் போய்ச் சேரும். திசை எதற்கு என்று தோன்றலாம். நடுவில் தடுப்பு உள்ள நெடுஞ்சாலையில் ஆம்புலன்ஸ் எதிர்ப்பக்கம் வந்துவிட்டால், சுற்றி வருவதற்குள் உயிர் போய்விடும். உள்ளே இருப்பவர் மயங்கிக் கிடந்து பதில் சொல்லாவிட்டாலும் உதவி கிளம்பிவிடும். மற்ற நேரங்களில் அந்தக் கருவி யாருக்கும் எதையும் அனுப்பாது. காரைத் தொடர்ந்து கண்காணிக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது.

சரி, இந்தியாவில்? 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் பஸ், டாக்ஸிகளில் இருப்பிடம் காட்டும் கருவியும் அவசரப் பொத்தானும் கட்டாயம். முன்பின் தெரியாத டிரைவரை நம்பி ஏறும் பயணிக்கு அது நியாயமான பாதுகாப்பு.

சொந்தக் கார் அப்படியல்ல. எந்த மருத்துவமனைக்குப் போனேன், யார் வீட்டு வாசலில் நின்றேன் என்பதெல்லாம் என் அந்தரங்கம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

வேகத்தைக் கட்டுப்படுத்தவும் அரசுக்குத் தகவல் போக வேண்டியதில்லை. ஐரோப்பாவில் 2024 ஜூலை முதல் எல்லாப் புதிய கார்களிலும் வேக உதவிக் கருவி உண்டு. வரம்பைத் தாண்டினால் அது ஓட்டுநரைத்தான் எச்சரிக்கும்.