ஃபைபர் ப்ராஜெக்ட் எடுத்த மகளுக்கு வேலை கிடைக்குமா?

வணக்கம் அம்மா. ஈசிஇ படிக்கும் உங்கள் மகள், ஒளி வழியாகத் தகவல் அனுப்பும் ஃபைபர் (கண்ணாடி இழை) நெட்வொர்க்கில், சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்களை எங்கெங்கே வைப்பது என்பதை இறுதியாண்டு ப்ராஜெக்டாக எடுத்திருக்கிறாள். கூடப் படிப்பவர்கள் ஏஐ பக்கம் போகும்போது இவள் மட்டும் பின்தங்கிவிடுவாளோ என்று கேட்டிருக்கிறீர்கள். தலைப்பை மாற்றச் சொல்லாதீர்கள். அதை எப்படிச் செய்கிறாள் என்பதை மட்டும் கவனியுங்கள்.

விஷயம் இதுதான். ஃபைபருக்குள் போகும் ஒளி கிலோமீட்டருக்குச் சுமார் 0.2 டெசிபல் மங்கும் (ஒளியின் பலம் எத்தனை மடங்கு மாறுகிறது என்பதைச் சொல்லும் அலகு அது). கேட்பதற்குச் சின்ன எண். ஆனால் 80 கிலோமீட்டர் தாண்டினால் நாற்பதில் ஒரு பங்குதான் மிஞ்சும். 120 கிலோமீட்டரில் 250-ல் ஒரு பங்கு. அதனால் வழியில் எர்பியம் என்ற தனிமம் கலந்த இழையால் ஆன ஆம்ப்ளிஃபயர் வைத்து ஒளியைத் திரும்பப் பெருக்குகிறார்கள். சிக்கல் என்னவென்றால், எவ்வளவு பெருக்குகிறதோ அந்த அளவுக்கு அது இரைச்சலையும் சேர்த்துவிடும். 480 கிலோமீட்டர் தடத்தில் 120-க்கு ஒன்றாக நான்கு வைப்பதற்குப் பதில் 80-க்கு ஒன்றாக ஆறு வைத்தால், சேரும் இரைச்சல் ஏறக்குறைய கால்பங்காகிவிடும். இரண்டு கருவி கூடுதல், அவ்வளவுதான். சரி, குறைவாக வைத்து ஒளியைப் பலமாக அனுப்பலாமே என்றால், அளவு மீறினால் கண்ணாடி இழையே சிக்னலைக் கெடுத்துவிடும்.

அப்புறம், நிலத்தில் 80-ஆவது கிலோமீட்டரில் கட்டடமும் மின்சாரமும் இருக்கவேண்டுமே! இருக்கும் இடம் 65-இலோ 95-இலோ வரும். சென்னையிலிருந்து அந்தமானுக்குப் போகும், 2020-இல் திறக்கப்பட்ட சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் போன்றவற்றில் நிலைமை வேறு. கடலுக்கடியில் இருக்கும் ஆம்ப்ளிஃபயர்களுக்கான மின்சாரத்தைக் கரையிலிருந்து அதே கேபிள் வழியாகத்தான் அனுப்பவேண்டும். அங்கே எண்ணிக்கையைக் கூட்டினால் மின்னழுத்தத் தேவையும் கூடும்.

எனவே இந்த ப்ராஜெக்டில் பாதி இயற்பியல், பாதி கணக்கு. செலவு, தரம், இடம் என்ற கட்டுப்பாடுகளுக்குள் சிறந்த விடையைத் தேடும் அந்த இரண்டாவது பாதிதான் அவளுக்குச் சோறு போடும். கிராஃப் தியரி (புள்ளிகளும் இணைப்புகளும் கொண்ட வலைப்பின்னல்களின் கணிதம்), இன்டீஜர் புரோகிராமிங் (முழு எண்களில் சிறந்த விடையைத் தேடும் முறை), பைத்தான் என்ற கணினி மொழி மூன்றையும் அவள் இதற்காகவே கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். லாரிகளுக்குப் பாதை வகுப்பதற்கும் மின்கட்டமைப்பைத் திட்டமிடுவதற்கும் இதே திறமைதான் தேவை.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். கேம்பஸுக்கு வந்து கூட்டமாக ஆள் எடுக்கும் ஐடி நிறுவனங்கள் ஃபைபரைப் பற்றிக் கேட்கப்போவதில்லை. கோடிங்கும் ஆப்டிட்யூடும் அவள் தனியாகப் பயிற்சி செய்தே ஆகவேண்டும். ஃபைபர் துறையிலேயே போக நினைத்தால் நெட்வொர்க் கருவிகள் தயாரிக்கும் பெங்களூருவின் தேஜஸ் நெட்வொர்க்ஸ், அரசின் தொலைத்தொடர்பு ஆராய்ச்சி மையமான சி-டாட் போன்ற இடங்கள் உண்டு. ஆனால் அங்கே வாசல் குறுகல்; எம்.டெக். முடித்திருந்தால் நுழைவது எளிது. அதற்கு கேட் தேர்வுக்கு இப்போதே படிக்கத் தொடங்கட்டும்.

கடையில் காசு கொடுத்து ப்ராஜெக்ட் வாங்கும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. தயவுசெய்து அந்தப் பக்கம் போகவிடாதீர்கள். இன்டர்வியூவில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். ஃபைபர் தடங்களின் சிக்னல் தரத்தைக் கணக்கிடும் ஜிஎன்பை (GNPy) என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. முதலில் சென்னை–மதுரை போல ஒரே ஒரு தடத்தை எடுத்து, ஆம்ப்ளிஃபயரை இடம் மாற்றி மாற்றி வைத்து, சிக்னல் தரம் எப்படி ஏறி இறங்குகிறது என்று அவளே வரைபடம் போடட்டும். அது கைக்கு வந்தபிறகு முழு நெட்வொர்க்குக்குப் போகலாம். அந்த வரைபடத்தோடு கைடைப் பார்த்து, செலவையும் கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்கச் சொல்லுங்கள்.