பேக்கப் ஓடும்போது மட்டும் நெட்வொர்க் நின்றுவிடுகிறதா?

கேள்வி: பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்றில் டெபியன் லினக்ஸ் போட்டு வீட்டு ஃபைல் சர்வராக வைத்திருக்கிறேன். சின்ன வேலைகளுக்கு ஒழுங்காக இருக்கிறது. பெரிய பேக்கப் ஓடினால் மட்டும் நெட்வொர்க் சில நொடிகள் நின்று, தானே திரும்பி வருகிறது. லாக்கில் இன்டெல்லின் இ1000இ டிரைவர் பெயரோடு ‘டிடெக்டட் ஹார்டுவேர் யூனிட் ஹேங்’ என்று வருகிறது. புது கார்டு வாங்கவா?

பதில்: அவசரப்பட வேண்டாம். மதர்போர்டோடு வரும் இன்டெல் ஐ219 போர்ட்டுகளில் பலரும் பார்த்த கோளாறு இது.

அனுப்ப வேண்டிய பாக்கெட்டுகளை (தரவின் சிறு துண்டுகளை) லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் வரிசையில் வைக்கும். கார்டு ஒவ்வொன்றாக எடுத்து அனுப்பிவிட்டு ‘முடிந்தது’ என்று குறிக்கும். அந்தக் குறி வராமல் வரிசை நின்றுபோனால், 5 நொடி பார்த்துவிட்டு கர்னலின் வாட்ச்டாக், அதாவது காவல் நாய் போலக் கண்காணிக்கும் பகுதி, குரல் கொடுக்கும். கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் அதை ரீசெட் செய்யும். நீங்கள் பார்க்கும் இடைவெளி அதுதான். அந்த 5 நொடியைக் கூட்டிவிட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். நாயின் வாயைக் கட்டினால் திருடன் போய்விடுவானா?

பெரும்பாலும் சிக்கல் டிஎஸ்ஓ (டிசிபி செக்மென்டேஷன் ஆஃப்லோட்) என்ற வசதியில் இருக்கும். 64 கேபி வரையான தரவை கர்னல் மொத்தமாகக் கொடுத்துவிட, கார்டே அதை 1500 பைட் பாக்கெட்டுகளாக வெட்டிக்கொள்ளும். சின்ன ஃபைல்களுக்கு இந்த வெட்டும் வேலை அதிகம் இல்லை. பேக்கப் ஓடும்போதுதான் கார்டு திணறுகிறது.

எனவே நெட்வொர்க் கார்டின் அமைப்புகளை மாற்றும் ஈத்டூல் (ethtool) கட்டளையில் டிஎஸ்ஓ-வை ஆஃப் செய்யுங்கள். கட்டளையோடு சிறிய கே (-k) போட்டால் இப்போதைய நிலவரத்தைக் காட்டும், பெரிய கே (-K) போட்டால்தான் மாற்றும். இதில் ஏமாறாதவர்கள் குறைவு. அப்புறம் அதே பேக்கப்பை ஓட்டிப் பாருங்கள். இன்னும் நின்றால், இதே போல வெட்டுவதை கர்னலே செய்யும் ஜிஎஸ்ஓ என்ற வசதியையும் அணையுங்கள். வெட்டும் வேலை பிராசஸருக்கு வரும், ஆனால் 1 ஜிகாபிட் வேகத்துக்கு அது பெரிய சுமை இல்லை.

ரீஸ்டார்ட் செய்தால் இந்த மாற்றம் போய்விடும். டெபியனில் நெட்வொர்க் அமைப்புகள் இருக்கும் இன்டர்ஃபேசஸ் ஃபைலில், அந்த போர்ட்டுக்குக் கீழே போஸ்ட்-அப் வரியாக (போர்ட் இயங்கத் தொடங்கியதும் ஓடும் வரி) இதே கட்டளையை எழுதி வையுங்கள். கர்னலைப் புதுப்பிப்பதும் நல்லதுதான், ஆனால் அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம்.

இவ்வளவு செய்தும் சரியாகவில்லை என்றால், லாக்கில் எந்த வரி முதலில் வந்தது என்று பாருங்கள். ரீசெட்டுக்குப் பிறகு ‘லிங்க் டவுன்’ (இணைப்பு அறுந்தது) என்று வருவது இயல்பு. ஹேங் வரிக்கு முன்பே அது வந்திருந்தால் கேபிளை மாற்றிப் பாருங்கள்.