சோயா தின்ற மீன் பெண்ணாகுமா? அதைப் படித்தால் வேலை கிடைக்குமா?

சார், உங்கள் மகள் "சோயா தின்னா மீன் பெண்ணாகிடுமாமே, நான் அதைத்தான் படிக்கப் போறேன்" என்று சொன்னதற்கு நீங்கள் இவ்வளவு பதற வேண்டாம். அது விளையாட்டுக் கேள்வி இல்லை, பண்ணைக்காரர்கள் பணம் போட்டுத் தேடும் விஷயம்.

ஜிலேபி மீன் வளர்ப்பவருக்கு ஆண் மீன்தான் வேண்டும். பெண் மீன் முட்டையை வாயில் வைத்து அடைகாக்கும், அந்த நாட்களில் சரியாகத் தின்னாது, அப்புறம் குளம் முழுக்கக் குஞ்சு பெருகி எதுவுமே எடை ஏறாது. அதனால்தான் குஞ்சு தீவனம் எடுக்கத் தொடங்கியதும் மூன்று நான்கு வாரத்துக்கு குஞ்சை ஆணாக்கும் மெத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைக் கிலோ தீவனத்துக்கு 60 மில்லிகிராம் அளவில் கலந்து போடுகிறார்கள். ஜப்பானின் விலாங்குப் பண்ணைகளில் கதை தலைகீழ்: அங்கே வளரும் விலாங்கு பெரும்பாலும் ஆணாகிவிடும், பெண்தான் பெரிதாக வளரும். ஐச்சி மாகாணத்தில் சோயாவில் இயற்கையாகவே இருக்கும் ஐசோஃப்ளேவோன் என்ற பொருளைத் தீவனத்தில் சேர்த்தே பெண் விலாங்கு வளர்க்கிறார்கள்.

மீன்தூள் விலை ஏற ஏறத் தீவன ஆலைகள் சோயாப் புண்ணாக்கை நம்புகின்றன. அதிலுள்ள ஜெனிஸ்டீன், டெய்ட்சீன் என்ற ஐசோஃப்ளேவோன்கள், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் போலவே உடலில் அந்த ஹார்மோன் ஒட்டும் ஏற்பிகளில் போய் ஒட்டும். சூடாக்கினால் செரிமானத்தைக் கெடுக்கும் சோயாவின் டிரிப்சின் தடுப்பான் அடங்கிவிடும், இந்த ஐசோஃப்ளேவோன்கள் அவ்வளவு லேசில் போகாது. ஆல்கஹாலில் கழுவினால் பெருமளவு வெளியேறும். ஆனாலும் சோயா போட்டதும் எல்லாம் பெண் என்று உங்கள் பொண்ணு முடிவு கட்டிவிட வேண்டாம். மீன் இனம், அளவு, எந்த வயதில் கொடுத்தோம், தண்ணீர்ச் சூடு என எல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கும். வளர்ந்த ஜிலேபி மாறாது. கொடுவாவோ சோயாவே இல்லாமலும் ஆணாகத் தொடங்கிப் பின்னால் பெண்ணாகிற மீன்.

சரி, இந்த வேலை எப்படி இருக்கும்? விரல் நீளம்கூட இல்லாத குஞ்சின் வயிற்றைத் திறந்து, முதுகுப் பக்கம் ஒட்டியிருக்கும் நூல் மாதிரியான இனப்பெருக்க உறுப்பை இடுக்கியால் உருவி, கண்ணாடித் தகட்டில் வைத்து, அசிட்டோகார்மைன் சாயம் ஒரு சொட்டு விட்டு நசுக்கி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். உருண்டை உருண்டையாகத் தெரிந்தால் பெண், பொடிமணலாகத் தெரிந்தால் ஆண். இப்படி நூற்றுக்கணக்கில். 50 குஞ்சில் 28 பெண் என்றால் அது ஒன்றையும் நிரூபிக்காது, புள்ளியியல் தெரிந்தவருக்குத்தான் அது புரியும். நடுவில் செத்த குஞ்சுகளைக் கணக்கில் எடுக்காவிட்டால் மொத்தமும் வீண், ஏனென்றால் செத்தவை எல்லாம் ஆணாகவே இருந்திருக்கலாம். இதைப் படித்துக் காட்டுங்கள். அதற்குப் பிறகும் முகம் மலர்ந்தால் பொண்ணு சரியான இடத்துக்குத்தான் போகிறாள்.

படிப்பு பி.எஃப்.எஸ்சி., அதாவது மீன்வள அறிவியல் இளநிலைப் பட்டம், நான்கு வருஷம். நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழ் தூத்துக்குடி, பொன்னேரி போன்ற இடங்களில் கல்லூரிகள் உண்டு. பிளஸ் டூவில் உயிரியல், இயற்பியல், வேதியியல் வேண்டும், நீட் கேட்பதில்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு உண்மையில் கை வைக்க எம்.எஃப்.எஸ்சி. என்ற முதுநிலைப் பட்டம் அவசியம், அதில் மீன் ஊட்டச்சத்து, இல்லையென்றால் உடலியங்கியல் பிரிவு. மும்பை மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம் என் முதல் தேர்வு. ஆராய்ச்சி பிடித்தால் பிஎச்.டி., சென்னையிலுள்ள உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் மாதிரி இடங்கள். உடனே சம்பளம் வேண்டுமென்றால் தீவன ஆலை, குஞ்சுப் பொரிப்பகம். ஆந்திராப் பக்கம்தான் வாய்ப்பு அதிகம், தொடக்கச் சம்பளத்தை டாக்டர் சம்பளத்தோடு ஒப்பிடாதீர்கள். அரசு வேலை வேண்டுமென்றால் மீன்வளத் துறைத் தேர்வுகளும் இருக்கின்றன.

நீட்டுக்கு ஏற்கெனவே படித்திருந்தால் அதையும் எழுதட்டும், இரண்டும் மோதாது. அதற்குள் ஒரு தடவை மீன் குஞ்சுப் பொரிப்பகத்துக்குக் காலையில் தீவனம் போடும் நேரமாகப் பார்த்து அழைத்துப் போங்கள், நீங்களும் கூடவே போங்கள்.